மகள் பிறந்தால் மட்டும் ஏன் வாரிசு இல்லை? – வாசகர் கேள்வி பதில்

ஜப்பான் பேரரசரின் ஒரே மகள் ஐக்கோவால் சிம்மாசனம் ஏற முடியாது என்று சென்ற இதழில் வேறு ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழின் பகுதியை நிரப்பிவிட்டன. மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

கேள்வி: அக்கா, பேரரசருக்கு ஒரே பெண், படித்தவர், மக்களுக்கும் பிடித்தவர் என்கிறார்கள். அப்படியிருக்க பட்டம் ஏன் சித்தப்பா வீட்டுக்குப் போகிறது? “அது அவர்கள் பாரம்பரியம், நீ ஏன் அதில் தலையிடுகிறாய்” என்று என் கணவர் சொல்கிறார். – வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கணவரிடம் 1889, 1947 என்று இரண்டு வருடங்களைச் சொல்லுங்கள். ஆண்கள் மட்டுமே அரியணை ஏறலாம் என்று ஜப்பானில் முதன்முதலாகச் சட்டமாக எழுதியது 1889-ல், மெய்ஜி பேரரசர் காலத்தில். போரில் தோற்றபின் புதிய அரசியல் சாசனம் வந்தது, ஆணும் பெண்ணும் சமம் என்று அதில் எழுதினார்கள், அதே நேரத்தில் 1947-ல் அரச குடும்பச் சட்டத்தையும் புதிதாக எழுதினார்கள். அதில் மட்டும் பழைய விதியை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதன் முதல் பிரிவு சொல்வது இதுதான்: அரியணை, ஆண்வழியில் பிறந்த ஆணுக்கு மட்டும்.

1889-க்கு முன்னால் என்ன நடந்தது? 8 பெண்கள் பேரரசராக ஆண்டிருக்கிறார்கள், அவர்களில் 2 பேர் இரண்டு முறை. ஆறாம் நூற்றாண்டின் கடைசியில் பட்டத்துக்கு வந்த சூய்க்கோ முதல், 1771 வரை ஆண்ட கோ-சகுராமாச்சி வரை. 715-ல் கெம்மெய் என்ற பேரரசி பதவி விலகித் தன் மகள் கென்ஷோவிடம் பட்டத்தைக் கொடுத்திருக்கிறார். தாயிடமிருந்து மகளுக்கு! இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த 8 பேருமே அப்பா வழியில் அரச ரத்தம் உள்ளவர்கள், கென்ஷோவின் அப்பாவும் இளவரசர்தான், ஆகவே ஆண்வழி எங்கும் அறுபடவில்லை என்பார்கள். சரி, அதையே ஏற்றுக்கொள்வோம். ஐக்கோவின் அப்பா யார்? இன்றைய பேரரசர் நருஹிட்டோ. ஆண்வழி என்ற அளவுகோலில் ஐக்கோவிடம் குறை காண ஒன்றுமே இல்லையே. அவரைத் தடுப்பது வம்சம் அல்ல, பெண் என்பது மட்டும்தான்.

இன்னொரு விஷயம். ஆண்வழி இத்தனை நூற்றாண்டுகள் அறுபடாமல் எப்படி வந்தது? ஆசைநாயகிகளால் வந்தது. மெய்ஜி பேரரசரும் அவர் மகன் தைஷோ பேரரசரும் பட்டத்து ராணிக்குப் பிறந்தவர்கள் அல்லர். 1947 சட்டம் முறையான மனைவிக்குப் பிறந்த பிள்ளைக்கு மட்டுமே உரிமை என்று மாற்றியது. அது நல்ல மாற்றம், ஆனால் அதோடு ‘ஆண் மட்டும்’ என்பதையும் விட்டிருக்க வேண்டும். ஒரு மனைவி, அவருக்கு ஒன்றோ இரண்டோ குழந்தைகள், அதில் ஆண் பிறந்தே ஆகவேண்டும், தலைமுறை தலைமுறையாக! இந்தக் கணக்கு எந்தக் குடும்பத்திலும் நெடுநாள் நிற்காது. நிற்கவும் இல்லை. 1965-ல் நருஹிட்டோவின் தம்பி அகிஷினோ பிறந்தார். அதன்பின் 2001 வரை அந்த அரச குடும்பத்தில் பிறந்த 9 குழந்தைகளும் பெண்கள்.

அந்தக் கணக்கின் சுமை யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். நருஹிட்டோவின் மனைவி மசாக்கோ வெளியுறவுத் துறையில் அதிகாரியாக இருந்தவர். ஹார்வர்டில் படித்தவர். 1993-ல் திருமணம், 2001 டிசம்பர் 1-ல் ஐக்கோ பிறந்தார். ஒரு குழந்தை பிறந்தது என்று மகிழ்வதற்குப் பதிலாக ஆண் குழந்தை எப்போது என்று நாடே அவரைக் கேட்டது. 2004-ல் அவருக்கு மன அழுத்தம் சார்ந்த நோய் என்று அரண்மனையே அறிவித்தது. அந்த ஆண்டு நருஹிட்டோ செய்தியாளர்களிடம், தன் மனைவியின் பணி அனுபவத்தையும் ஆளுமையையும் மறுக்கும் போக்கு நடந்திருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஜப்பான் அரச குடும்பத்தில் அப்படி ஒருவர் வாய் திறந்து பேசுவது சாதாரண விஷயமல்ல.

2005 நவம்பரில் பிரதமர் கொய்சுமி அமைத்த நிபுணர் குழு, ஆணோ பெண்ணோ மூத்த குழந்தைக்கே பட்டம் என்று பரிந்துரைத்தது. மசோதா தயாராகிக்கொண்டிருந்தது. 2006 பிப்ரவரியில் அகிஷினோவின் மனைவி கருவுற்றிருக்கிறார் என்ற செய்தி வந்தது, மசோதாவைத் தள்ளி வைத்தார்கள், செப்டம்பரில் ஹிசாஹிட்டோ என்ற பையன் பிறந்தான், மசோதாவை அப்படியே மூட்டை கட்டிவிட்டார்கள். பிறந்தது பெண்ணாக இருந்தால் இன்று ஐக்கோ பட்டத்து இளவரசியாக இருந்திருக்கக்கூடும். நாடாளுமன்றத்தில் விவாதித்து முடிவெடுக்க வேண்டிய ஒன்றை ஒரு பிரசவ அறைக்கு விட்டுவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. இதற்கு அரசியல் சாசனத்தைக்கூடத் திருத்த வேண்டியதில்லை, அரச குடும்பச் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தினால் போதும். மாறாதது என்று சொல்லப்படுகிற பாரம்பரியம், ஒரு சாதாரண மசோதாவில் மாறக்கூடியது. உங்கள் கணவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: அகிஷினோவின் மகள் மாக்கோ இளவரசி சாதாரணக் குடும்பத்துப் பையனைக் கட்டிக்கொண்டதால் அரச குடும்பத்தை விட்டே போக வேண்டியதாயிற்று. ஆண்களுக்கும் இதே விதிதானா? – கல்லூரி மாணவி, மதுரை

பதில்: இல்லை. அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி அரச குடும்பத்துப் பெண் வெளியாளை மணந்தால் அரச தகுதியை இழக்கிறார். ஆண் வெளியில் பெண் எடுத்தால் அவருக்கு ஒரு குழுவின் ஒப்புதல் வேண்டும், அவ்வளவுதான். அவர் தகுதி போகாது, வருகிற மருமகளும் அரச குடும்பத்தில் ஒருவராகிவிடுவார். நருஹிட்டோவின் அம்மா மிச்சிக்கோ 1959-ல் அப்படி வந்தவர், மாவு ஆலைத் தொழிலதிபரின் மகள். மசாக்கோவும் அப்படித்தான், அகிஷினோவின் மனைவி கிக்கோவும் அப்படித்தான். இந்தப் பக்கம், அரண்மனையில் பிறந்து வளர்ந்த பெண் கல்யாணத்தோடு வெளியே.

வேறு வழி என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 1947 அக்டோபரில் 11 கிளைக் குடும்பங்களைச் சேர்ந்த 51 பேரை அரச குடும்பத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். அரச தகுதியை வைத்துக்கொண்டே மணக்கும்படி ஒரு மாப்பிள்ளை குடும்பத்துக்குள் இப்போது கிடையாது. ஒன்று கல்யாணம் வேண்டாம் என்று இருக்க வேண்டும், அல்லது பிறந்த வீட்டின் தகுதி, பணி, எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும்.

மாக்கோவின் கதை அதைவிடக் கொடுமையாகப் போனது. கெய் கொமுரோவை மணக்கப்போவதாக 2017-ல் அறிவித்தார், பையனின் அம்மாவின் பணத் தகராறு ஒன்றைப் பத்திரிகைகள் தோண்டி எடுத்தன, கல்யாணம் தள்ளிப்போனது, நான்கு வருடம் அந்தப் பெண்ணை வார்த்தையால் குத்திக் கிழித்தார்கள். கடைசியில் 2021 அக்டோபர் 26-ல் சடங்கு, விருந்து எதுவும் இல்லாமல் பதிவு செய்துகொண்டார். குடும்பத்தை விட்டுப் போகும் பெண்களுக்குத் தரும் தொகை, அவருக்குச் சுமார் 15 கோடி யென் வரை கிடைத்திருக்கும், அதையும் வேண்டாம் என்றார். மன உளைச்சலால் வந்த நோய் அவருக்கு இருப்பதாக மருத்துவர் தெரிவித்தார். இப்போது அமெரிக்காவில் இருக்கிறார். அதே குடும்பத்தில் அவர் தம்பி ஹிசாஹிட்டோ யாரை மணந்தாலும் பட்டத்து வரிசையில் இருப்பார். ஒரே தாய், ஒரே தகப்பன், இரண்டு சட்டம்.

இப்படி ஒவ்வொரு பெண்ணாக அனுப்பியதில் அந்தக் குடும்பத்தில் இன்று மிஞ்சியிருப்பது 16 பேர். பட்டத்து வரிசையில் 3 ஆண்கள், அதில் ஒருவர் 1935-ல் பிறந்தவர். ஆளில்லாமல் திண்டாடும் நிலை வந்தபிறகுதான், திருமணமான பெண்கள் அரச தகுதியை வைத்துக்கொள்ளலாமா என்று 2021-ல் ஒரு நிபுணர் குழு யோசனை சொன்னது. அதிலும் பட்டத்து உரிமை கிடையாது. கூடவே இன்னொரு யோசனை, 1947-ல் நீக்கிய கிளைகளிலிருந்து ஆண்களைத் தத்தெடுக்கலாம் என்று. அந்த ஆண்களுக்கும் பேரரசருக்கும் ஆண்வழியில் பொதுவான மூதாதை வாழ்ந்தது சுமார் 600 வருடங்களுக்கு முன்னால்! 600 வருடம் தள்ளிய ஆண் உறவு சொந்த மகளைவிட நெருக்கம் என்று ஒரு சட்டம் சொன்னால், அதை என்னால் நியாயம் என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ள முடியாது.

கேள்வி: ஜப்பானில் பெண் பிரதமரே வந்துவிட்டாரே. இனி மாறிவிடும்தானே? – வாசகர், ஈரோடு

பதில்: 2025 அக்டோபரில் பிரதமரான சனே தக்காய்ச்சி, ஆண்வழி தொடர வேண்டும் என்பதில் உறுதியாக இருப்பவர். பதவியில் பெண் இருப்பதாலேயே பெண்களுக்கான சட்டம் வந்துவிடாது. பொதுமக்கள் வேறு பக்கம் இருக்கிறார்கள், கருத்துக் கணிப்புகளில் பெண் பேரரசரைத் திரும்பத் திரும்பப் பெரும்பான்மையோர் ஆதரிக்கிறார்கள். தடை மக்களிடம் இல்லை.

கேள்வி: பிரிட்டனில் சட்டத்தை மாற்றிவிட்டார்கள் என்றார்கள். ஆனால் மன்னர் சார்லஸின் தங்கை ஆன் இன்னமும் தம்பிகளுக்குப் பின்னால்தானே நிற்கிறார்? – வாசகி, கோவை

பதில்: சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். ஆன் பிறந்தது 1950-ல். அம்மா எலிசபெத் 1952-ல் ராணியானபோது சார்லஸுக்கு அடுத்து ஆன்தான். 1960-ல் ஆண்ட்ரூ பிறந்ததும் ஒரு படி கீழே, 1964-ல் எட்வர்ட் பிறந்ததும் இன்னொரு படி கீழே. தம்பிகளுக்குப் பிள்ளைகள் பிறக்கப் பிறக்க இன்னும் கீழே. எலிசபெத்தேகூட அப்பாவின் காலம் முழுவதும் உறுதியான வாரிசாகக் கருதப்படவில்லை, ஏனென்றால் ஒரு தம்பி பிறந்துவிட்டால் இடம் போய்விடும் என்பது விதி. தம்பி பிறக்கவில்லை, அதனால் 70 வருடம் ஆண்டார்.

2011 அக்டோபர் 28-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், பிரிட்டிஷ் மன்னரைத் தலைவராகக் கொண்ட 16 நாடுகளும் சேர்ந்து மாற்றத்துக்கு ஒப்புக்கொண்டன. 2013-ல் பிரிட்டன் சட்டம் இயற்றியது, எல்லா நாடுகளும் தத்தம் வேலையை முடித்து 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதனால்தான் 2018-ல் தம்பி லூயி பிறந்தபோதும் இளவரசர் வில்லியமின் மகள் சார்லெட்டின் இடம் அசையவில்லை. ஆனால் 2011 அக்டோபர் 28-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு மட்டும் என்று ஒரு தேதி போட்டுவிட்டார்கள். ஆன் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம். நார்வேயிலும் இதே கதைதான். 1990-ல் மாற்றினார்கள், ஆனால் அதற்கு முன் பிறந்த அக்கா மார்த்தா லூயிஸைத் தாண்டி 1973-ல் பிறந்த தம்பி ஹாக்கோன் பட்டத்து இளவரசராகத் தொடர்கிறார். ஸ்வீடன் மட்டும் துணிந்து செய்தது. 1979 மே மாதம் பிறந்த கார்ல் பிலிப் பிறப்பால் பட்டத்து இளவரசர், 1980 ஜனவரி 1 முதல் அந்தத் தகுதி இரண்டு வயது அக்கா விக்டோரியாவுக்கு மாறியது. அப்பாவான மன்னருக்கே அது பிடிக்கவில்லை. நாடாளுமன்றம் கேட்கவில்லை, செய்தது.

இந்தத் தேதி போடும் வேலை நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டின் 1989 இந்து வாரிசுரிமைத் திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்றது, நாட்டிலேயே முன்னோடிகளில் ஒன்று. ஆனால் 1989 மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமான பெண்களுக்கு இல்லை என்றும் அதில் எழுதியிருந்தது. ஒரே வீட்டில் தங்கைக்குப் பங்கு உண்டு, அக்காவுக்கு இல்லை. அந்தக் கல்யாணத் தடையை நீக்க 2005-ல் மத்திய அரசின் திருத்தம் வர வேண்டியிருந்தது, அதன்பிறகும் அப்பா அந்த 2005 திருத்தம் வந்த தேதியில் உயிரோடு இருந்தாரா இல்லையா என்று நீதிமன்றங்களில் இழுபறி, 2020-ல் உச்ச நீதிமன்றம் அது தேவையில்லை என்று சொல்லி முடித்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை அக்காக்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார்கள்! உரிமை என்று ஒப்புக்கொண்ட பிறகு, அது மறுக்கப்பட்டவர்களை மட்டும் பழைய கணக்கிலேயே நிறுத்துவது எந்த நாட்டிலும் தவறுதான்.

கேள்வி: ஆண்களும் காதலுக்காக அரியணையை இழந்திருக்கிறார்களே. பிரிட்டன் மன்னர் எட்டாம் எட்வர்ட் இல்லையா? எல்லாவற்றையும் பெண்ணுக்கு நடந்த அநியாயமாகவே பார்ப்பது சரியா? – வாசகர், நெய்வேலி

பதில்: நியாயமான கேள்வி. எட்வர்டை விடுங்கள், ஸ்வீடன் இளவரசர் பெர்டில் கதையைச் சொல்கிறேன். அந்த நாட்டின் பழைய விதிப்படி, சாதாரணக் குடும்பத்துப் பெண்ணை மணக்கும் இளவரசர் பட்டத்து உரிமையை இழப்பார். லென்னார்ட், சிக்வார்ட், கார்ல் யோஹான் என்று மூன்று பேர் அப்படி இழந்தார்கள். பெர்டிலின் அண்ணன் விமான விபத்தில் இறந்தபோது அவர் மகன் கைக்குழந்தை, அடுத்த பொறுப்பு பெர்டில் தலையில். அவர் லிலியன் என்ற பெண்ணை நேசித்தார். கல்யாணம் செய்தால் உரிமை போய்விடும், பெண்ணை விடவும் மனமில்லை. 30 வருடத்துக்கு மேல் காத்திருந்து 1976-ல்தான் மணந்தார்கள், அவருக்கு 64 வயது, லிலியனுக்கு 61. இது அவருக்கும் கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 30 வருடத்தில் பெரும்பகுதி அரச விழாக்களில் பெர்டில் இருந்தார், லிலியனுக்கு அவர் பக்கத்தில் நிற்க இடமில்லை. பிள்ளையும் பெற்றுக்கொள்ளவில்லை.

பிரிட்டனுக்கு வாருங்கள். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் தம்பி ஒரு விதவையை மணந்துகொண்ட கோபத்தில் 1772-ல் அரச திருமணச் சட்டம் வந்தது. மன்னர் சம்மதிக்காமல் அரச வம்சத்தவர் செய்யும் கல்யாணம் செல்லாது. இது ஆண், பெண் இருவருக்கும் பொது. ஆனால் பயன் யாருக்கு? மன்னரின் மகன் ஜார்ஜ் 1785-ல் மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட் என்ற கத்தோலிக்கப் பெண்ணை ரகசியமாக மணந்தார். சட்டப்படி அது செல்லாது. ஆகவே 1795-ல் கரோலினை ஊரறிய மணக்க அவருக்குத் தடையில்லை. முதல் பெண் மனைவியே இல்லை என்றாகிவிட்டார், இரண்டாவது பெண் ஒரு வருடத்தில் ஒதுக்கப்பட்டார். 1820-ல் அவர் நான்காம் ஜார்ஜ் மன்னரானதும் கரோலின் தன் இடத்தைக் கேட்டுத் திரும்பி வந்தார். உடனே அவர் மீது கள்ள உறவுக் குற்றச்சாட்டு, பட்டத்தைப் பறித்துத் திருமணத்தை முறிக்கப் பிரபுக்கள் சபையில் மசோதா, வேலைக்காரர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிப் படுக்கை விரிப்பு பற்றியெல்லாம் விசாரணை. குற்றம் சாட்டியவரோ வாழ்நாள் முழுவதும் ஒருவர் மாற்றி ஒருவர் என்று ஆசைநாயகிகள் வைத்திருந்தவர். அவரை விசாரிக்க எந்தச் சபையும் கூடவில்லை. மசோதா 9 வாக்கு வித்தியாசத்தில்தான் தேறியது, அதற்குமேல் கொண்டுபோக அரசாங்கத்துக்குத் துணிவில்லை, கைவிட்டார்கள். ஊர் ஊராகப் பெண்கள் கையெழுத்திட்டுக் கரோலினுக்கு ஆதரவு மடல்கள் அனுப்பினார்கள். 1821 ஜூலையில் முடிசூட்டு விழா நடந்த தேவாலயத்துக்குள் மன்னரின் மனைவியான அவரை விடாமல் கதவை மூடினார்கள். மூன்றே வாரத்தில் இறந்துபோனார்.

1351-ல் எழுதிய ராஜத்துரோகச் சட்டம் இதற்கெல்லாம் மூலம். மன்னரின் மனைவியோடு உறவு கொள்வது ராஜத்துரோகம். மன்னர் இன்னொருவர் மனைவியோடு உறவு கொண்டால்? அதற்கு ஒரு வரியும் கிடையாது. ஆண்களும் துன்பப்பட்டார்கள் என்பது உண்மை. ஆனால் பெண்ணின் உடம்பை வம்சத்தின் சொத்தாகப் பாவித்து எழுதிய விதிகள் ஆணுக்கு எழுதப்படவே இல்லை.

கேள்வி: மன்னரின் மனைவி ராணி. ராணியின் கணவர் ஏன் ராஜா இல்லை? இதில் பாதிக்கப்படுவது ஆண்தானே? – வாசகர், சேலம்

பதில்: டென்மார்க் ராணி இரண்டாம் மார்கரெத்தின் கணவர் ஹென்ரிக் இதையே கேட்டார். ராஜா பட்டம் தரவில்லை என்ற மனத்தாங்கலில், மனைவியின் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டாம் என்று 2017-ல் அறிவித்தார், அடுத்த ஆண்டு இறந்தார், அவர் விருப்பப்படியே செய்தார்கள். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் காரணத்தைப் பாருங்கள். ராஜா என்றால் எப்போதும் மேலானவர், பக்கத்தில் இருக்கும் பெண் ராணியாகவே இருந்தாலும் அவர்தான் ஆள்கிறார் என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்கள் என்ற பயம். பெண்ணைத் தாழ்வாக வைக்கும் நினைப்புதான் இங்கே ஆணையும் தடுக்கிறது.

கேள்வி: மன்னராட்சியே தேவையில்லாத ஒன்று. அதில் இளவரசிக்குச் சம உரிமை கேட்பது என்ன பெண்ணியம்? சோற்றுக்கு வழியில்லாத பெண்களைப் பற்றி எழுதுங்கள். – வாசகர், பெயர் வேண்டாம் என்கிறார்

பதில்: எழுதுகிறேன், எழுதிக்கொண்டும்தான் இருக்கிறேன். மன்னராட்சி வேண்டுமா என்று என்னிடம் வாக்குக் கேட்டால் வேண்டாம் என்றே போடுவேன். ஆனால் இருக்கும்வரை அது அரசாங்கத்தின் உச்சிப் பதவி, மக்கள் வரிப்பணத்தில் நடப்பது, சட்டப் புத்தகத்தில் இருப்பது. அந்த உச்சியில் ‘பெண் என்பதால் இல்லை’ என்று எழுதி வைத்துவிட்டுக் கீழே அலுவலகத்திலும் நிலப் பத்திரத்திலும் சமம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பிரிட்டனில் பிரபுப் பட்டங்கள் பெரும்பாலும் இன்றைக்கும் மகனுக்குத்தான், மூத்த மகள் இருந்தாலும் எங்கோ இருக்கும் சித்தப்பா பேரனுக்குப் போகிறது.

இன்னொன்றும் உண்டு. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் சேரும்போது, எங்கள் அரியணைச் சட்டத்தை இது தொடாது என்று சொல்லிவிட்டே ஸ்பெயினும் லிச்சென்ஸ்டைனும் சேர்ந்தன. 2024 அக்டோபரில் அந்த ஐ.நா. குழு, அரச குடும்பச் சட்டத்தைத் திருத்துங்கள் என்று ஜப்பானுக்குச் சொன்னது. 2025 ஜனவரியில் ஜப்பான், தான் தரும் நிதியை இனி அந்தக் குழுவின் வேலைக்குச் செலவிடக் கூடாது என்று பதில் கொடுத்தது. உலகம் முழுவதும் உள்ள பெண்களின் நிலையைப் பரிசீலிக்கிற குழு அது, நீங்கள் சொல்லும் சோற்றுக்கு வழியில்லாத பெண்களையும் சேர்த்து. இளவரசி விஷயம் தனியாக எங்கோ அரண்மனைக்குள் நிற்கவில்லை, பார்த்தீர்களா?

கேள்வி: எங்கள் ஊர் முன்பு திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே மருமக்கத்தாயம், அரச குடும்பத்திலும் பெண்வழிதான். அப்படியானால் அங்கே பெண்களுக்குச் சமத்துவம் இருந்தது என்று சொல்லலாமா அக்கா? – ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: பெண்வழி வேறு, பெண்ணாட்சி வேறு டீச்சர். திருவிதாங்கூரில் மன்னருக்குப் பின் அவர் சகோதரியின் மகன் வருவார். வம்சம் பெண் மூலம் ஓடியது, அதனால் அரச குடும்பத்துப் பெண்களுக்கு மதிப்பு உண்டு, ஆற்றிங்கல் ராணி என்ற தகுதி உண்டு, கிளையில் பெண் இல்லையென்றால் கோலத்துநாட்டிலிருந்து பெண்களைத் தத்தெடுத்தார்கள். பெண் பிறந்தால் கொண்டாடிய வம்சம் என்று சொல்லலாம், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சிம்மாசனத்தில் உட்கார்ந்தது அந்தப் பெண்ணின் மகன். 1810-ல் வீட்டில் ஆணே இல்லாததால் கௌரி லக்ஷ்மி பாய் பட்டத்துக்கு வந்தார். 1813-ல் அவருக்குச் சுவாதித் திருநாள் பிறந்தார், கைக்குழந்தையை மன்னர் என்று அறிவித்தார்கள், அன்றிலிருந்து தாய் மகன் பெயரால் ஆள்பவர். 1815-ல் அவர் இறந்ததும் தங்கை பார்வதி பாய் 1829 வரை ஆண்டார், அதுவும் பையன் வளரும்வரை. நூறு வருடம் கழித்து சேது லக்ஷ்மி பாய் 1924 முதல் 1931 வரை ஆண்டதும் அப்படித்தான். வைக்கம் போராட்டத்தின்போது காந்தி போய்ப் பேசியது இவரிடம்தான், 1925-ல். அவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமந்துவிட்டு, பையனுக்கு வயது வந்ததும் விலகிவிட வேண்டும்.

மன்னரின் மனைவிமார் நிலை இன்னும் மோசம். அவர்களை அம்மச்சி என்பார்கள், அரசி என்ற தகுதி இல்லை, பிள்ளைகள் அரச குடும்பம் இல்லை. ராமவர்மா மன்னரின் மகன்கள் அப்பாவின் பட்டம் எங்களுக்கே என்று எழுந்தபோது மன்னரின் சகோதரி மகன் மார்த்தாண்ட வர்மா அவர்களைக் கொன்று தீர்த்தார், அந்தக் கதைகளை உங்கள் பக்கத்தில் பாட்டாகவே கேட்டிருப்பீர்கள். ஜப்பானில் மருமகள் உள்ளே, மகள் வெளியே. இங்கே மகள் உள்ளே, மருமகள் வெளியே. இரண்டிலும் ஆட்சி ஆணிடம்.

கேள்வி: தஞ்சாவூர் மராட்டிய அரசும் ஆண் வாரிசு இல்லாமல்தான் போனது என்கிறார்கள், உண்மையா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: உண்மை. சரபோஜியின் மகன் இரண்டாம் சிவாஜி 1855-ல் இறந்தார். மகள் உண்டு, மகன் இல்லை. ஆண் வாரிசு இல்லை என்ற காரணத்தைக் காட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனி ராஜ்ஜியப் பட்டத்தை முடித்து வைத்தது, அரண்மனைச் சொத்துகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. மூத்த ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டார். 1859-ல் லண்டன் பிரிவி கவுன்சில், அரசு என்ற முறையில் கம்பெனி செய்த செயல் இது, நீதிமன்றம் இதில் தலையிட முடியாது என்று தள்ளிவிட்டது. அப்போது லண்டனில் அரியணையில் இருந்தவர் விக்டோரியா, ஒரு மன்னரின் மகனுக்கு மகளாகப் பிறந்து முடிசூடியவர். தங்கள் நாட்டில் ஏற்றுக்கொண்ட ஒன்றை நம் ஊரில் அபகரிக்கக் காரணமாக்கினார்கள். நம் பக்கத்து அரசர்களும் மகளை வாரிசாக்கும் வழக்கத்தை முன்பே வளர்த்திருந்தால் கம்பெனிக்கு அந்தச் சாக்காவது கிடைத்திருக்காது என்பது என் எண்ணம். வேறு சாக்கு தேடியிருப்பார்கள், அது வேறு.

கேள்வி: ஐரோப்பாவில் இன்னும் எங்கே இந்தப் பாகுபாடு இருக்கிறது? – போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகி, விழுப்புரம்

பதில்: லிச்சென்ஸ்டைனில் பெண்ணுக்கு இடமே இல்லை. மொனாக்கோவில் 2014 டிசம்பரில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன, கேப்ரியெல்லா 2 நிமிடம் மூத்தவள், வாரிசு ஜாக். ஸ்பெயினில் 1978 சாசனத்தின் 57-வது பிரிவு மகளுக்கு முன் மகன் என்கிறது. இரண்டு அக்காக்களைத் தாண்டித்தான் ஃபெலிப்பே மன்னரானார். அவருக்கு இரண்டும் பெண் என்பதால் மூத்தவர் லியோனார் வாரிசு. நெதர்லாந்து 1983-லும், பெல்ஜியம் 1991-லும், டென்மார்க் 2009-ல் மக்கள் வாக்கெடுப்பு வைத்தும், லக்சம்பர்க் 2011-லும் மாற்றிவிட்டன.

ஸ்பெயினில் மாற்ற எல்லாக் கட்சிக்கும் விருப்பம் என்றே சொல்கிறார்கள், 2004-ல் சபத்தேரோ அரசு தொடங்கியும் பார்த்தது. சிக்கல், அந்தப் பிரிவைத் தொட வேண்டுமானால் இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு, உடனே நாடாளுமன்றக் கலைப்பு, தேர்தல், புதிய அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, அதற்குமேல் மக்கள் வாக்கெடுப்பு. அந்த வாக்கெடுப்பு மன்னராட்சி வேண்டுமா வேண்டாமா என்ற வாக்கெடுப்பாக மாறிவிடும் என்று கட்சிகள் அஞ்சுகின்றன. லியோனார் 2023-ல், தன் 18-வது பிறந்த நாளில், அந்தச் சாசனத்தைக் காப்பேன் என்று நாடாளுமன்றத்தில் உறுதிமொழி எடுத்தார். 57-வது பிரிவும் அதில் அடக்கம்.